குறி அட்டையில் ஒரே ஓட்டை

அம்மணி,

ஈரோட்டுக்குக் கெளம்பிட்டேன். அரிசிம்பருப்புச் சாப்பாடு குக்கர்ல இருக்குது, சூடா சாப்பிட்டுப்போடு.

நேத்து நீ ஏர்கன்ல சுட்ட குறி அட்டையைப் பார்த்து, "அஞ்சு குண்டு சுட்டு ஒண்ணுதான் பட்டிருக்குது"ன்னு உங்கண்ணன் முன்னாடி சிரிச்சுப்போட்டேன். நீ எந்திரிச்சுப் போயிட்டே.

காத்தால, அட்டைக்குப் பின்னால குண்டு தங்கறதுக்கு நீ வெச்சிருந்த பேப்பர் திணிச்ச பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தேன். அஞ்சு குண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குது. அத்தனையும் அந்த ஒரே ஓட்டை வழியாப் போயிருக்குது! மூணு மாசப் பழக்கத்துல எப்படி அம்மணி? எனக்கு ஊசியில நூலே கோக்க வராது.

— வெள்ளியங்கிரி

பெட்டியை மூடிப்போடாதே. உங்கண்ணனைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கறேன். அவரு முன்னாடிதான சிரிச்சேன், அவரு முன்னாடியே என்ற தப்புன்னு சொல்லிப்போடறேன்.