பங்கு வாங்காத தூக்குச்சட்டி

பெரியப்பா,

இன்று சாயங்காலம் காலேஜ் விட்டு வந்த என் மகள் (இங்கே பதினொன்றும் பன்னிரண்டுமே காலேஜ்தான்), கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அடுக்களைச் சுவர் ஆணியில் மாட்டினாள். "அதுல மாட்டாதட்டி!" என்று கத்திவிட்டேன். கிரைண்டரில் நாளைக்கான இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் தாண்டி என் குரல் பக்கத்து வீடு வரைக்கும் போயிருக்கும். அவள் திரும்பிப் பார்த்து, "மம்மி, அது காலியாத்தான கெடக்கு? அப்புறம் என்ன?" என்று அட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். காலியாகத்தான் கிடக்கிறது. என் அம்மாவின் எவர்சில்வர் தூக்குச்சட்டி தொங்கிய இடம் அது. சட்டி உரசி உரசி சுவரில் வட்டமாக ஒரு தடம் மட்டும் மிச்சம். அந்தச் சட்டி எங்கே போயிற்று என்று சொல்லத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் உலக வழக்கம். அதை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்களை நான் நினைத்த அளவுக்கு உங்கள் சொந்தப் பிள்ளைகள் நினைத்திருக்க மாட்டார்கள். அதில் சந்தேகமே வேண்டாம்.

நல்லதும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா இங்கே தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு கோடை லீவுக்கும் நாங்கள் ஊருக்கு வருவோம். நாங்குநேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீங்கள் நிற்பீர்கள். "ஏட்டி பம்பாய்க்காரி, வந்துட்டியா?" என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பீர்கள். உங்கள் வேட்டி மடியில் எனக்கென்று கருப்பட்டி மிட்டாய் இருக்கும். நீங்கள் பிறகு செய்ததை யாரோ ஒரு ஊர்க்காரன் செய்திருந்தால் எப்போதோ மறந்து தொலைத்திருப்பேன். தோளில் தூக்கிச் சுமந்த ஆள் செய்ததால்தான் இந்த வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை.

நம் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவின் கணக்கு எனக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. கல்யாணமான ஆண் இருக்கிற வீடுதான் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. வரி கட்டிய வீட்டுக்கு, கொடை முடிந்த மறுநாள் காலையில் வெட்டின கிடாக்களின் கறியில் ஒரு பங்கு. மைக்கில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் போய்ப் பாத்திரத்தை நீட்டி வாங்க வேண்டும். பம்பாயிலோ சென்னையிலோ இருப்பவன் வரி மட்டும் அனுப்பினால், அவன் பங்கை மூத்த பங்காளி அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே வாங்கி, அவன் பெயரைச் சொல்லி ஆக்கி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட வேண்டும். அப்பா வர முடியாத வருஷங்களில் "செல்லையா மகன் முருகேசன்" என்று மைக்கில் கூப்பிட்டதும் எங்கள் பாத்திரத்தோடு போய் நின்றவர் நீங்கள்தான். அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "எங்க அண்ணன் இருக்கும்போது எனக்கென்னட்டி கொற?" என்பார்.

அப்பா பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். அம்மா இங்கே இருந்த வாடகை ரூமைக் காலி செய்தாள். டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, என்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு, இனி ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்தாள். ஊர் வீட்டில் உங்கள் வாசலுக்கு எதிரே அப்பாவின் பாகம் இருந்தது, அண்ணன் நீங்கள் இருந்தீர்கள். அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்த வருஷக் கொடைக்கு அப்பா பெயரில் வரியும் உங்கள் கையிலேயே கொடுத்தாள்.

அந்தக் காலையை நீங்கள் மறந்திருக்கலாம், பெரியப்பா. நான் சொல்கிறேன், கேளுங்கள். வேப்பமரத்தடியில் வாழை இலை பரப்பிக் கறியைக் கூறு போட்டிருந்தார்கள். அப்பா பெயரை வாசித்தார்கள். அம்மா வெள்ளைச் சேலையில், கையில் தூக்குச்சட்டியோடு முன்னால் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். சட்டியைத் திறந்து நீட்டினாள். நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"ஆம்பள இல்லாத வீடு எப்படிவே தலைக்கட்டாவும்? தம்பி பங்கு எம் பங்குல அடக்கம். எஞ் சட்டியிலயே போடுங்க."

போட்டார்கள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நீங்கள் அதோடும் நிறுத்தவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஆம்பளைய நிக்க வரிசையில வந்து நிக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்றீர்கள். அம்மா சட்டியின் மூடியை எடுத்து மூடினாள். டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மத்தியானம் பெரியம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. "எங்க பங்குதான்க்கா எங்களுக்கு வேணும். கொழம்பு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே அப்பாவின் பாகத்தில் உங்கள் மாட்டைக் கொண்டுவந்து கட்டினீர்கள். நாங்கள் இன்னும் பிரிக்காத டிரங்குப் பெட்டியோடு திரும்ப ரயில் ஏறினோம்.

அப்புறம் என்ன, குர்லாவில் இறங்கி தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் தூரத்து அத்தை ஒருத்தி வீட்டு மூலையில் ஒண்டினோம். அம்மா இட்லி அவிக்க ஆரம்பித்தாள். மாஹிம் ஸ்டேஷன் பக்கம் கூடையைச் சுமந்துகொண்டு போய் விற்றாள். என்னையும் தங்கச்சியையும் கட்டிக்கொடுத்ததும், இந்த ஒற்றை அறையும் அதற்கு மேலே ஒரு மாடியும் அந்த இட்லியில் வந்ததுதான். தூக்குச்சட்டியை இந்த ஆணியில் மாட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பாள், துடைப்பாள், மாட்டுவாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஒருநாள் மாவு வைக்கப் பாத்திரம் போதாமல் நான் அதை எடுத்தபோது கையில் சுளீரென்று அடித்தாள். "அது வேற காரியத்துக்கு இருக்கு" என்றாள். என்ன காரியம் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவள் செத்த பிறகும் நீங்கள் கல்லுக்குண்டாக இருந்தீர்கள். அதற்காகச் சாமியிடம்கூட நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் உங்கள் மகன், எங்கள் அண்ணன், ஃபோன் பண்ணி, "அப்பா போயிட்டாவட்டி" என்று அழுதார். நான் ஃபோனை வைத்துவிட்டு நேராகப் போய்க் கறி எடுத்துவந்து குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் வாசனை பிடித்து, "ஏய், பெரியப்பா செத்த வீட்டுல கறியா? ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்காட்டி?" என்றார். "திங்கணும்னா தின்னுங்க, இல்லன்னா சும்மா இருங்க" என்றேன். வயிறு முட்டத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

போன வருஷம்தான் ஊருக்கே போய்விடுவதா என்ற பேச்சு வந்தது. எங்கள் லைன் வீடுகளை இடிக்கப் போகிறார்கள், கட்டிடம் வரும், அதுவரைக்கும் எங்கே தூக்கிப் போடுவார்களோ என்று கேம்ப் முழுக்க ஒரே கலவரம். வீட்டுக்காரருக்குக் குர்லா ஒர்க்ஷாப்பில் வேலை குறைந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கமே ஒரு லேத் பட்டறை போட்டுக்கொள்ளலாம், பிள்ளையும் பத்தாவது எழுதிவிட்டாள், மாற்றுவதென்றால் இப்போதுதான் மாற்ற வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணனும் ஃபோன் பண்ணினார். "சித்தப்பா பாகம் சும்மாதான் கெடக்கு. மாட்ட அவுத்துட்டேன், வெள்ளையும் அடிச்சுட்டேன். ஒன் வீடுதானட்டி, வந்து இரு" என்றார்.

நான் உடனே சரி என்றேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் சொல்லி ஒருநாளும் சரின்னு சொல்லாதவ, இப்ப என்ன இவ்வளவு வேகமா தலையாட்டுத?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? உங்கள் வாசலுக்கு எதிர்வாசலில் குடியேறுவது, உங்கள் வீட்டைவிட ஒரு மாடி உயர்த்துவது, கொடைக்கு உங்கள் ஆட்கள் கொடுப்பதைவிட ஒரு கிடா அதிகம் கொடுப்பது, ஊர் கூடியிருக்கும்போது பட்டுச்சேலையில் நடுவே நடந்து போவது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போதெல்லாம் நான் அங்கேதான் நடந்துகொண்டிருந்தேன். மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேருவாள், எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கிற பிள்ளை அங்கே என்ன செய்வாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை.

கொடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தேன். தூக்குச்சட்டியையும் பையில் வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு முன்னறையில் மாலை போட்டு, பல்ப் எரியவிட்டு, உங்கள் படம். மதினி விழுந்து விழுந்து கவனித்தாள். அவள் சாம்பாரில் உப்பில்லை என்றேன், வீடு அடைசலாக இருக்கிறது என்றேன், அவள் மகன் படிப்பைப் பற்றி நக்கலாக ஒரு வார்த்தை விட்டேன். உங்களைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள்தான் எல்லாம். வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை, அவள் இருந்தாள்.

மகள் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "மம்மி, நீ யார்ட்ட ஜகடா பண்ற, யார்ட்ட சண்ட போடுற? அந்த ஃபோட்டோவோடயா? அது ஒனக்கு ஜவாப் குடுக்காது. நாம இங்க வாழ வரோமா, இல்ல தினம் அதப் பாத்துக் கத்த வரோமா?"

நான் கிணற்றுத் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நீங்கள் சொன்ன சொல்லுக்காக என் அம்மா இந்த ஊரைவிட்டுப் போனாள். இன்றைக்கு உங்கள் மேலுள்ள ஆத்திரத்தில் நான் குடும்பத்தையே தூக்கிக்கொண்டு இங்கே வந்தால், அதுவும் உங்களால்தான். நாங்கள் போவதும் வருவதும் உங்கள் இஷ்டமா? செத்த பிறகுமா? சீ என்றாகிவிட்டது. வர மாட்டேன் என்று அந்தக் கல்லிலேயே முடிவு செய்தேன். வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, "லேத் கீத் எதுவும் வேண்டாம். இடிச்சா இடிக்கட்டும், செம்பூர்ல வாடகைக்கு இருப்போம்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

ஆனால் சும்மா திரும்பிப் போக நான் என் அம்மா இல்லை.

கொடை முடிந்து கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. நான் போய் எழுந்து நின்றேன். அடுத்த வருஷத்திலிருந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றேன். மூலையிலிருந்த ஒரு கிழவர், "பொம்பளைக்கு ஏதும்மா வரி?" என்றார். பணமில்லாமல் கோயில் கோபுர வேலை பாதியில் நின்றதாலோ என்னவோ, இளவட்டங்கள் "இருக்கட்டுமே, எழுதலாமே" என்றார்கள். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுதுங்க" என்றார்.

"என்ன பேருன்னு எழுத?" என்று கேட்டார்கள்.

"பேச்சியம்மாள் மகள் செல்வி. அப்படித்தான் எழுதணும், மைக்கில அப்படித்தான் வாசிக்கணும்."

கிழவர் விடவில்லை. "நீ பம்பாய்ல இருப்ப. ஒம் பங்க யாரு வாங்குவா?"

"மூத்த பங்காளிதான் வாங்கணும். எங்கப்பாவுக்கு அப்படித்தான வாங்குனாவ? அதான மொற?" என்றேன். யாரும் பேசவில்லை. அன்றைக்கு அம்மா முன்னால் பேசாமல் நின்ற அதே ஊர்தான். இந்த முறை அந்த மௌனம் எனக்கு இனித்தது.

கிளம்புகிற அன்று அப்பாவின் பாகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். பிறகு அண்ணனிடம் ஒரு சுத்தியலும் ஆணியும் கேட்டேன். உங்கள் படத்துக்கு நேர் கீழே நானே அடித்தேன். அம்மாவின் தூக்குச்சட்டியை அதில் மாட்டினேன். "எங்க பங்க வாங்க இதத்தான் கொண்டு போவணும். மத்த நாள்ல இங்கயே தொங்கட்டும். வேற எதுக்கும் எடுக்கப்படாது" என்றேன். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவளைக் கையமர்த்தினார். "தொங்கட்டும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் உங்கள் மகன், நான் என்ன செய்ய?

போன மாதம் கொடை முடிந்து வீடியோ வந்தது. உங்கள் பேரன் எடுத்து அனுப்பியிருந்தான். அதே வேப்பமரம், அதே வாழை இலைகள். மைக்கில், "பேச்சியம்மாள் மகள் செல்வி" என்கிறார்கள். ஊர் முழுக்க என் அம்மாவின் பெயர் கேட்கிறது. வரிசையிலிருந்து உங்கள் மகன் வருகிறார். தலைமுடி நரைத்து, உங்களைப் போலவே கொஞ்சம் கூன் போட்டு நடக்கிறார். தூக்குச்சட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டுகிறார். கறியைப் போடுகிறார்கள். அவர் மூடியை எடுத்து மூடுகிறார். டப்பென்று அதே சத்தம். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வீட்டுக்காரர் வந்து, "இப்பமாவது தீந்துச்சாட்டி?" என்றார்.

தீரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டேன், இது இறங்கவில்லை. அம்மாவின் மூடிச் சத்தம் என் காதுக்குள்ளேயேதான் இருக்கிறது, நான் சாகும்வரை இருக்கும். எங்களை இடித்துத் தள்ளி எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தாலும் அதையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். மகளிடம் கொடுக்க மாட்டேன். அவள் அட்டையை மறுபடி இந்த ஆணியில் நானே மாட்டிவிட்டேன்.

வருஷா வருஷம் வரி அனுப்புவேன், பெரியப்பா. கொடைக்கு நான் வர மாட்டேன். உங்கள் மகன் வாங்குவார், அவருக்குப் பிறகு உங்கள் பேரன் வாங்குவான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் அம்மா பெயரைச் சொல்லிச் சோறு போடுவார்கள். கழுவித் துடைத்து, உங்கள் படத்துக்குக் கீழேயே மாட்டுவார்கள். உங்களுக்கு வேறு வேலை இல்லையே. பார்த்துக்கொண்டே இருங்கள்.

பேச்சியம்மாள் மகள்,
செல்வி