மற்றபடி நல்லவர்

அக்கா,

இன்று திங்கட்கிழமை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே வழக்கம்போல மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. அழுகை ஒன்றும் வரவில்லை.

"ஸ்டேஷன்ல குடுத்த புகாரை வாபஸ் வாங்கணும்மா. குடிச்சா தான் அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன். அதையும் சேத்து எழுதிடு" என்றாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நீயும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தாய். நம் வீட்டில் பேசினால் அம்மா காதில் விழும் என்று, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்றாய். "இன்னாடி பாக்குற? நானும் உனக்குக் கிராக்கி தான், எழுது" என்று சிரித்தாய். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை உனக்கு. சித்திரை மாதத்திலும் நீளக் கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் போவாய். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி அந்தத் தையலைப் பார்த்து ஆசைப்பட்டு, தனக்கும் அதே மாதிரி ஒன்று தைத்துத் தரச் சொன்னாளாம். அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். கையை மட்டும் எனக்குக் காட்டவே இல்லை.

முதல் தடவை நீ வந்தது உங்கள் தெருமுனையில் இருந்த ஒயின்ஷாப்பை எடுக்கச் சொல்லி மனு கொடுக்க. உன் தெருப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "கார்த்திகை தீபத்துக்குன்னா சாமிக்காக மூடுறாங்க. மத்த நாள்ல நமக்காக மூடக்கூடாதா?" என்று கேட்டாய். அதையும் மனுவில் எழுதச் சொன்னாய். மனுவில் கேள்வி எழுதக்கூடாது என்று நான் விட்டுவிட்டேன். கடை கொஞ்ச நாளில் கழனிக்கு அந்தப் பக்கம் போனது. மாமா இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார், அவ்வளவுதான். தீபத்துக்கு மூடினால் முந்தின நாளே பாட்டில் வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். சோற்றில் அந்த வாடை அடிக்கிறது என்று சொல்வாய்.

பார், இன்னும் மாமா என்றுதான் கை எழுதுகிறது. உன் புருஷனைக் கூப்பிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை வந்தபோது உன் இடது காது சரியாகக் கேட்கவில்லை. நீ புகார் கொடுத்து, அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்குள் அவர் வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசிவிட்டார்கள். வாபஸ் கடிதம் எழுதணும் என்றாய். நான் உன்னை ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். இந்த மாதிரிக் கடிதம் அதற்கு முன்னால் எத்தனையோ பெண்களுக்கு எழுதியிருக்கிறேன். அதற்கென்று ஒரு வரியே வைத்திருந்தேன். "மதுபோதையில் தன்னிலை மறந்து செய்துவிட்டார், மற்றபடி நல்லவர்." அந்த வரி இருந்தால் குடும்ப மானமும் போகாது, ஸ்டேஷனிலும் மறுகேள்வி இல்லாமல் அனுப்பிவிடுவார்கள். உனக்கும் அதையே எழுதினேன். நீ வாங்கிப் பார்த்து, "உன் எழுத்து மணி மணியா இருக்குடி" என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டாய்.

அடுத்த ஆடியில், காலை நேரத்தில், அவர் குடித்துவிட்டு வந்து உன்னை அடித்தே கொன்றுவிட்டார். எப்படி என்று தீர்ப்பில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அதை நான் இங்கே திரும்ப எழுதவில்லை.

கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மாமாவின் வக்கீல் அந்தக் கடிதத்தைக் காட்டினார். "இது உங்க அக்கா கையெழுத்து தானே?"

"ஆமாங்க."

"கடிதம் யார் எழுத்து?"

"என் எழுத்துங்க."

அவர் அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. குடித்தால் தன்னிலை மறப்பவர், கொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை, மனைவியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வாதாடினார். கொலைக்குற்றம் நிற்கவில்லை. அதைவிடச் சின்னக் குற்றம், அதைவிடக் கம்மி தண்டனை. சில வருஷத்தில் வெளியே வந்துவிடுவார். குடித்துவிட்டு அடித்தால் தண்டனை ஜாஸ்தி ஆகணும், கம்மி ஆகக்கூடாது, சட்டத்தை அப்படி மாற்றணும் என்று இப்போது மாதம் ஒரு மனு நானே என் பேரில் எழுதிப் போடுகிறேன். அன்று கடையை மூடுவது பற்றி நீ கேட்ட கேள்வியையும் அதில் எழுதிவிடுகிறேன். தீர்ப்பு வந்த நாளில் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கை கால் எல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

இன்றைக்கு வந்தவளிடம், "குடிச்சாருன்னு எழுத மாட்டேன்மா. அடிச்சாருன்னு வேணா எழுதறேன்" என்றேன்.

"அப்போ அவருக்கு தண்டனை ஜாஸ்தியாயிடுமே."

"ஆகட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்விட்டாள். அங்கே எழுதுகிற அண்ணன் நல்ல மனிதர். எழுதி முடித்துவிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "மதுபோதையில் தன்னிலை மறந்து செய்துவிட்டார், மற்றபடி நல்லவர்." ஒரு எழுத்து மாறவில்லை.

எழுந்து போய், "அண்ணா, அந்த வரியை அடிச்சிடுங்க" என்றேன்.

"ஏம்மா, நீ சொல்லிக் குடுத்தது தானே? இங்க நாலு மேசையிலயும் இதைத்தான் எழுதறோம்" என்றார்.

ஆமாம் என்றேன். அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொன்னேன். ரவிக்கை, காது, கடிதம், கூண்டு, எல்லாம். சாட்சி சொன்னதற்கு அப்புறம் உன்னைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. கடைசியில் அவள் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் கொடுப்பாளா, கிழித்துப் போடுவாளா, தெரியவில்லை. ரோட்டைத் தாண்டி டவுன் பஸ் ஏறிப் போனாள்.

நான் என் மேசைக்கு வந்து அடுத்த ஆளுக்குப் பட்டா மனு எழுத உட்கார்ந்தேன். புதுத் தாளை எடுத்து வைத்தால், யாருடைய மனுவானாலும் சரி, கை முதலில் அந்த வரிக்குத்தான் போகிறது அக்கா. பிடித்து நிறுத்திக்கொண்டுதான் எழுத ஆரம்பிக்கிறேன்.