படிகளை மூடச் சொன்ன என் மனுவுக்கு ஒரு திருத்தம்

அனுப்புநர்:
ச. ராஜமேரி, பி.ஏ., எல்.டி.,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
மொட்டுப்பாறை, இண்டூர் வழி,
தருமபுரி தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
ஜில்லா சுகாதார அதிகாரி அவர்கள்,
சேலம்.

பொருள்: மொட்டுப்பாறைப் பொதுக்கிணற்றுக்கு ராட்டினம், சங்கிலி, வாளி வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இக்கிராமத்துப் படிக்கிணற்றை மூடி இறைகிணறாக மாற்றவேண்டுமென்று 1942-இல் விண்ணப்பித்தவள் நான். படியிறங்கி நீர் மொள்வோரின் கால்களிலிருந்து நரம்புச் சிலந்திப் புழு நீரில் கலப்பதையும், அந்நீரைக் குடித்தவர் உடலில் ஓராண்டு வளர்ந்து மறுகோடையில் தோலைத் துளைத்து வெளிவருவதையும் மூன்று பக்கங்களில் விளக்கியிருந்தேன். தங்கள் இலாகா தாமதமின்றிப் படிகளைக் கல்லால் மூடி, இடுப்பளவு சுவரும் எழுப்பியது. வேலையில் குறையில்லை. குறை என் மனுவில்.

2. அக்கிணற்றை நம்பியிருந்தவர்கள் பதினேழு கூலிக் குடும்பத்தார். படியிருந்தவரை ஒரு மண்குடம் போதும். இப்போது நாற்பதடிக் கயிறு வேண்டும். இப்பகுதியில் அவரவர் கயிற்றை அவரவரே கொண்டுவருவது வழக்கம். இரவல் போன கயிற்றைத் தீட்டென்று மறுபடி வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. ஆகையால் எவரும் கொடுப்பதுமில்லை. யுத்தத்தினால் கடைகளிலும் கயிறில்லை. இவ்வழக்கம் நான் அறியாததன்று. புழுவுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியவள் கயிற்றுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. என் கொல்லையில் சொந்தக் கிணறு உண்டு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கூற இயலவில்லை.

3. ஆகவே அவர்கள், மாடுகள் இறங்கும் ஏரிக்குட்டையில் நீர் மொள்கிறார்கள். புழு கிணற்றை விட்டுக் குட்டைக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே. துணியால் வடிகட்டிக் குடிக்குமாறு பிரசங்கம் செய்து பார்த்தேன்; உடுக்க மாற்றுத்துணி இல்லாதவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். செல்லி என்னும் கூலிப்பெண்ணின் கணுக்காலில் பாதி வெளிவந்த புழு குச்சியில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை. ஆயினும் தண்ணீருக்கு அதே காலோடு குட்டையில் இறங்குகிறாள். அவள் என்னிடம் கூறியதைத் திருத்தாமல் தருகிறேன்: “படி இருந்தப்போ காலு நனைஞ்சுதுங்கம்மா. இப்போ கொடங்கூட நனையலீங்க. இன்னொரு மனுவு எழுதாம இருங்க, புண்ணியமாப் போவும்.” அவள் சொல்லை மீறியே இதை எழுதுகிறேன்.

4. கிணற்றுக்கே உரியதாய், எவரும் தொட்டு இறைக்கத்தக்கதாய், ஒரு ராட்டினமும் சங்கிலியும் வாளியும் அமைத்துத் தரவேண்டும். எந்த வீட்டுக்கும் போகாத சங்கிலியைப் பற்றி எவருக்கும் ஆட்சேபம் எழாது. குட்டையில் மாடுகளுக்குத் தனித்துறை ஒதுக்கிக் கெண்டைக் குஞ்சுகளும் விடவேண்டும். புழுவைச் சுமக்கும் நீர்ப்பூச்சிகளை அவை தின்னும். முன்பிருந்த மீன்களை, தானியம் கிடைக்காத சென்ற ஆண்டில் ஒன்றுவிடாமல் பிடித்துத் தின்றாயிற்று. பசித்தவர்களைக் குறைகூற நான் தகுதியுடையவளல்லேன்.

5. செல்லியின் காலில் இருப்பது சென்ற கோடையில் குடித்த நீர். இந்தக் கோடையில் குடித்தது பதினேழு வீட்டார் உடலுக்குள்ளும் ஏற்கெனவே சென்றுவிட்டது. அதைத் திருப்பி எடுக்கும் உத்தரவு தங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இனிக் குடிக்கவிருப்பதையாவது மாற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

மொட்டுப்பாறை,
12 மே 1944.

முன் மனுவையும் எழுதியவள்,
ச. ராஜமேரி