அண்ணே, காம்பரா இருக்கு

என் ஆசை அண்ணனுக்கு,

மேலே சுகம்தானே? இங்கே நீ செத்த பிறகு ரொம்ப நல்லவனாகிவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் உன் புத்தகத்தை வெளியிட்டார்கள். ‘ஒற்றைச் சட்டையோடு புறப்பட்டவன்’ என்று பெயர். அட்டையில் கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, மாலை போட்டு, “அன்புத் தங்கை பாக்கியம்” என்று மைக்கில் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீ படுக்கையில் கிடந்து சொல்லச் சொல்ல, உன் மகன் பிரவீன் ஆள் வைத்து எழுதிய புத்தகம். மடுல்சீமைக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே பாதியை வாசித்துவிட்டேன். நான் எங்கே வருகிறேன் என்று தேடித் தேடி வாசித்தேன். ஓர் இடத்தில் வருகிறேன். நீ புறப்பட்ட காலையில் உனக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுக்கிறேன். அவ்வளவுதான். ரொட்டி ருசியா இருந்துச்சா அண்ணே?

உன் தைரியத்தை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஹல்துமுல்லை இறக்கத்தில் பிரேக் போன லொறியை நீ மண்மேட்டில் மோதி நிறுத்தினாய். நெற்றியில் இரத்தம் வழிய அதே ரோட்டோரத்தில் நின்று, லொறியில் ஏற்றி வந்த காய்கறியை, போஞ்சியும் கரட்டும், போகிற வருகிற பஸ்காரர்களிடம் விற்றாய். வேறு எவனுக்கு அந்த நெஞ்சழுத்தம் வரும்? வாசிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. லொறி உருண்டுவிட்டது என்றுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமலே மறுநாள் காலையில் நான், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றேன். நிற்காமல் இருக்க முடியாது. ஏன் என்று புத்தகத்தில் இல்லை. நான் சொல்கிறேன், கேள். உனக்கு இப்போது வேறு வேலையும் இல்லை.

அப்பா போன பிறகு நம் வீட்டில் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் பேர் இருந்தது உனக்கு மட்டும்தான். அம்மாவுக்கு இழுப்பு வந்து அவள் பேரை வெட்டியாகிவிட்டது. வேலைக்குப் பேர் இருந்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா. பேர் இல்லாத வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் தோட்டத்துத் துரை ஆள் அனுப்புவார். அந்த ஒற்றை அறையை விட்டால் நமக்குத் தலைசாய்க்க இடம் ஏது? நீ லொறி ஓட்டப் போக வேண்டுமென்றால் உன் இடத்தில் யாராவது நிற்க வேண்டும். நான் அப்போது சாதாரண தரம் பாஸ் பண்ணி, பதுளையில் உயர்தரம் படிக்கப்போக வெள்ளைச் சீருடை தைத்து வைத்திருந்தேன்.

“ரெண்டே வருசம் பாக்கியம். நீ பேர் பதிஞ்சுக்க. நான் ஒரு நிலைக்கு வந்ததும் உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்” என்றாய்.

“வரலேன்னா?”

“வராம எங்க போவேன்? நான் விழுந்தா வர்றதுக்கு இந்தக் காம்பராவ விட்டா வேற எடம் இருக்கா?”

நான் சிரித்தேன். நீ போன பிறகு அந்தச் சீருடையைக் கிழித்து அம்மா தலையணை உறை தைத்தாள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தது நினைவிருக்கிறதா? எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டு உன்னிடமே சொன்னேன். நான் கட்டிக்கொண்டு போனால் இங்கே என் பேரை வெட்டிவிடுவார்கள், காம்பரா போய்விடும். நீ அப்போதுதான் புது லொறிக்கு முன்பணம் கட்டியிருந்தாய். “இந்த லொறி மட்டும் ஒழுங்கா ஓடட்டும்மா” என்றாய். ஓடியது. அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். நீ அந்த லொறியின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘பாக்கியம்’ என்று எழுதவைத்தாய். கொழுந்து எடுத்துக்கொண்டே, கீழ் ரோட்டில் அது போவதைப் பார்ப்பேன். வெளியீட்டில் ஒருவர் இதைச் சொல்லி, தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று கண்கலங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதுளையில் மாடி வீடு கட்டியபோது நான் பெட்டி கட்டினேன். நீ அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாய். “ஹோட்டல் வேலை ஆரம்பிச்சிருக்கேன், என்ன ஆகுமோ. நீ கொஞ்சம் இரு” என்றாய். நீ குதிக்கிறபோதெல்லாம் கீழே என்னைப் பாய் மாதிரி விரித்து வைத்தாய். நீ ஒரு தடவைகூட விழவே இல்லையே அண்ணே. விழுந்திருந்தாலாவது நான் இருந்ததற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், “பயப்படாமல் முன்னால் போங்கள்” என்று சொல்லிக் கண்ணை மூடினாயாம். பிரவீன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாக்கியம், காம்பரா இருக்குல்ல?” என்று கேட்டாய். “இருக்கு அண்ணே” என்றேன். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாய். அத்தனை சொத்துக்காரனுக்குக் கடைசியில் பிறந்த அறைதான் ஞாபகம் வந்ததா? இல்லை, நான் இன்னும் அங்கேயே இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாயா?

இப்போது எனக்கும் வயதாகிப் பேரை வெட்டிவிட்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். லயத்தைப் பிரவீன் தோட்டத்திடம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான்.

“வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குற மாதிரி செய்யப் போறோம் அத்தை. அப்பா பொறந்த காம்பராவ அப்படியே வச்சிருப்போம்.”

“நான் எங்கடா இருக்கிறது?”

“எங்க வீட்டுக்குப் பின்னால டிரைவர் ரூம் சும்மாதான் கெடக்கு. இல்லேன்னா இங்கயே இருங்க. கூடைய மாட்டிக்கிட்டு முன்னால இஸ்தோப்புத் திண்ணையில நின்னு, வர்றவங்களுக்கு அப்பாவோட கதையச் சொன்னாப் போதும். கம்பனியில உங்க பேரப் பதிஞ்சிருவோம்.”

பேரைப் பதிந்துவிடுவார்களாம். கேட்டியா அண்ணே? முகம்தான் அண்ணி சாயல், மற்றதெல்லாம் அச்சு அசல் நீ.

பதிந்துவிட்டேன். நேற்று முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரியும் அவள் புருசனும் வந்தார்கள். கூட வந்த வழிகாட்டிப் பெண் நம் பாஷை பேசினாள். இது அவர் படுத்த கட்டிலா என்று கேட்டார்கள்.

“இல்ல, என்னோடது. அவரு கெளம்பிப் போயிட்டாரு. அவரு போகணும்னு நான் இருந்தேன்” என்றேன். பிறகு சீருடை, சம்பந்தம், லொறி எல்லாவற்றையும் சொன்னேன். வழிகாட்டிப் பெண் பாதியில் திக்கினாள். வெள்ளைக்காரி படம் எடுக்கத் தூக்கிய போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

சாயங்காலமே பிரவீன் போன் பண்ணினான்.

“அத்தை, கதைய மாத்தாதீங்க.”

“மாத்தலடா. மீதியச் சொல்றேன்.”

“அப்ப வேற ஆள் போட வேண்டியிருக்கும்.”

“போடு. நான் எந்திரிச்சுப் போனாத்தானே அவ வந்து நிப்பா?”

போனை வைத்துவிட்டான். நாளைக்கு ஆள் அனுப்பினாலும் அனுப்புவான். துரை அனுப்பிய ஆட்களையே பார்த்தவள் நான்.

உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்த இஸ்தோப்பை மிதிக்கிற ஒருத்தரையும் மீதிக் கதை கேட்காமல் அனுப்பமாட்டேன். நீ கேட்டதற்கு மறுபடியும் பதில் சொல்கிறேன். காம்பரா இருக்கு அண்ணே. ஆனால் நீயே விழுந்து எழுந்து வந்து தட்டினாலும், இனிக் கதவைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் லொறிக்குப் பேர் கொடுத்த தங்கச்சி,
பாக்கியம்