லினக்ஸில் திறந்த ஜாதகம்

விருத்தாசலம்
19-11-2008

அன்புள்ள தமிழ்ச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன், மழைக்கு முழங்கால் மட்டும் வலிக்கிறது. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ராத்திரியில் வெறும் ரொட்டியோடு படுத்துவிடுவதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நாலு நாளாக மழை, மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது, செராமிக் கம்பெனிகளில் பொம்மைகள் காயாமல் வேலை நின்று கிடக்கிறது.

போனில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஆடி மாதம் நீ வந்தபோது வைரஸ் என்று விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, நீ போன மறுநாள் அப்பாவின் ஜாதக சி.டி.யைப் போட்டேன், திறக்கவில்லை. அது விண்டோஸுக்கென்று செய்ததாம். உன்னிடம் சொன்னால் அங்கே உட்கார்ந்து வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன். அப்பா இருந்தவரை செராமிக் வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஜாதகம் கணிப்பார், வாசல் நிறையச் செருப்பு கிடக்கும். அவர் போன பிறகும் பிறந்த நாளையும் நேரத்தையும் தட்டி நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சரியில்லை என்று நாலு மாதமாகத் திருப்பி அனுப்பியதில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சில நாள் பால்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. டிவியைச் சும்மா ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிறேன்.

போன வாரம் பிரவுசிங் சென்டர் ராபர்ட்டிடம் போய்க் கேட்டேன். ஒயின் போட்டா எல்லாம் ஓடுங்கக்கா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, என்ன தம்பி இப்படிப் பேசுறீங்க என்று கேட்டுவிட்டேன். லினக்ஸில் விண்டோஸ் புரோகிராமை ஓட்டுகிற சாப்ட்வேருக்கு அதுதான் பெயர் என்று சிரித்தார். பென் டிரைவில் ஏற்றி, செய்யவேண்டியதைத் தாளில் எழுதியும் கொடுத்தார். வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பாஸ்வேர்டு தட்டினால் திரையில் ஒன்றுமே விழவில்லை, கெடுத்துவிட்டேனோ என்று ராபர்ட்டுக்குப் போன் செய்தேன், அது அப்படித்தானாம். பிறகு ஜாதக சி.டி.யின் செட்டப்பை ஒயினில் திறந்தேன். திறந்தது, ஆனால் தமிழ் வரவேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டியது. மறுபடி ராபர்ட்டுக்குப் போன் செய்தேன். சி.டி.யில் இருக்கிற தமிழ் ஃபாண்டை எடுத்து ஒயினின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போடச் சொன்னார். போட்டுத் திறந்தால் மேஷம், ரிஷபம் என்று வரிசையாக வந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை, வந்துடுச்சி என்று நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ராபர்ட் சொல்லி அனுப்பி, முந்தாநாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பச்சமுத்து என்பவரும் அவர் மனைவி பிரபாவும் கைக்குழந்தையோடு வந்தார்கள். இரண்டே நிமிஷத்தில் ஜாதகம் திரையில் நின்றது. பிரிண்ட் கொடுக்கப் போன கையை எடுத்துவிட்டேன். கொடுத்தால் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். இது லினக்ஸு, மெதுவாத்தான் வரும், டீ குடிச்சிட்டு இருங்க என்று பொய் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். குழந்தை உன் கட்டிலில் தூங்கியது. பிரபா பிரசவத்தில் பட்டதைச் சொன்னாள், நான் உன்னைப் பெற்ற கதையைச் சொன்னேன். கிளம்பும்போது பச்சமுத்து, எங்களால ஒங்களுக்கு ரொம்ப சிரமங்க என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியநாயகி அம்மன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று மறக்காமல் கேட்டு எழுது. வந்தால், கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருகிறேன் என்று அதன் முன்னால் உட்கார்ந்துவிடாதே. அது வேகமாகத்தான் ஓடுகிறது. என்னோடு உட்கார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பானுமதி