நீங்க யார் பக்கம்?

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் என்னிடம் கேள்வி கேட்ட ஏழாம் வகுப்புப் பெண் இந்தப் பருவம் முழுக்க நூலகத்துக்குள் நுழையக் கூடாதாம். நேற்று மாலை உங்கள் நூலகரே தொலைபேசியில் சொன்னார். "உத்தரவில் தலைமையாசிரியர் கையெழுத்தா?" என்று கேட்டேன். "அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்கம்மா" என்றார்.

நிருபர் வேலையை விட்டுப் பிள்ளைகளுக்குக் கதை எழுத வந்த பிறகும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் வழக்கம் போகவில்லை. கேள். அன்று எழுத்தாளர் என்று என்னை மேடையில் ஏற்றினீர்கள். தாளாளர் என் புத்தகத்தைப் பிரிக்காமலே அரை மணி நேரம் புகழ்ந்தார். பிறகு கேள்வி நேரம். முதல் பையன் சீட்டைப் பார்த்துப் படித்தான்: "தங்களை எழுதத் தூண்டியது யாது?" பதில் சொன்னேன். அடுத்த பெண்ணும் அதையே படித்தாள். நகல் எடுத்தவர் ஒரே சீட்டை எல்லோருக்கும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவது பையனிடம், "அதே பதில்தான் கண்ணா" என்றேன்.

அப்போதுதான் அவள் சீட்டில்லாமல் எழுந்தாள். "கதையில அந்தப் பையன் டீச்சர்கிட்ட பொய் சொல்லித் தப்பிச்சிடுறான். நீங்க யார் பக்கம்? அவன் பக்கமா, டீச்சர் பக்கமா?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மைக்கை அணைத்து நன்றியுரையைத் தொடங்கிவிட்டீர்கள்.

கையெழுத்து உன்னுடையதா?

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட விடாமல் எடுத்த எடுப்பிலேயே சண்டை.

கையெழுத்து என்னுடையதுதான். "விருந்தாளிய நிக்க வச்சு விசாரிக்கிறதா? இதுதான் நீங்க வளர்க்குற லட்சணமா?" என்று தாளாளர் குதித்தார். வகுப்பிலிருந்தே நிறுத்தச் சொன்னார். நான்தான் மன்றாடி நூலகத்தோடு முடித்தேன். உனக்கு மரியாதை செய்யத்தானே கூப்பிட்டோம்?

உன் தம்பி

ஜூலை 23

தம்பி,

முட்டி நன்றாக இருக்கிறது. மனசுதான் ஆறவில்லை.

கழுத்தை நெரிக்கவில்லை, வாயை மட்டும்தான் பொத்தினேன் என்கிறாய். இதற்குப் பெயர் கருணையா?

மரியாதை வாங்கவா பள்ளிக்கு வந்தேன்? புத்தகத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவரை மடக்கிக் கேட்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியத்தான் எழுத்தாளர் வர வேண்டும். அன்றைக்கு அத்தனை பேரில் என் கதையைப் படித்துவிட்டு வந்தவள் அவள் ஒருத்தி. அவளுக்குப் புத்தகமே கிடையாது என்று பூட்டியிருக்கிறாய்.

பதில் என்னிடம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல மாட்டேன், கேட்டது அவள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். அவள் வகுப்பில் ஒரு பெஞ்சு போதும்.

அவள் கேள்வியையே உன்னிடமும் கேட்கிறேன். நீ யார் பக்கம்?

அக்கா

ஜூலை 29

அக்காவுக்கு,

உத்தரவை இன்று காலை ரத்து செய்தேன். நூலகர் சாட்சி. எப்படியும் அவருக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பாய் என்று தெரியும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். "அப்போ அவங்க பதில் சொல்ல வருவாங்களா சார்?" என்றாள். நீயும் அவளும் ஒரே அச்சு.

தாளாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. இந்த நாற்காலி எனக்கு உண்டா இல்லையா என்பது அன்று மாலை தெரிந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது பீரியடை ஏழாம் வகுப்பில் உனக்கு எழுதி வைத்திருக்கிறேன். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துவிடு.

தம்பி