நின்றுபோன பதினொரு நிமிடம்

ஸுட்ஃபன்,
செப்டம்பர் 9

அன்பு மகள் யோரிண்டாவுக்கு,

இங்கே அப்பா, நான், பூனை மூவரும் நலம். மூவரில் பூனை ஒன்றுதான் உன்னை நினைத்துக் கவலைப்படாமல் நலமாக இருக்கிறது. நீயும் உன் வலது மணிக்கட்டும் நலமா? ஒரே ஓட்டலில் நீ மூன்று வாரம் தங்குவது அதிசயம் என்பதால், ஜப்பானுக்குத் தபால் போட்டாலும் உன்னைப் பிடித்துவிடலாம் என்று துணிந்தேன். போனில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பித்துக்கொள்கிறாய். காகிதத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது.

சனிக்கிழமை அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள். வழக்கம்போல் காலை பத்தரைக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாயிற்று, வந்தவர்கள் அப்பாவுக்கு வாழ்த்து, இப்படி ஒரு புருஷன் வாய்த்ததற்கு எனக்கு வாழ்த்து, இப்படி ஒரு தம்பி இருப்பதற்குப் பெரியப்பா பெரென்டுக்கு வாழ்த்து என்று ஒருவர் விடாமல் கை குலுக்கி, கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக்கோடு உட்கார்ந்தார்கள். உன் டென்னிஸ் அரையிறுதியும் அதே நேரம். படமெல்லாம் கிடையாது, போனில் எண்கள் மட்டும் மாறும். மூன்றாவது செட், 5-2, 40-15. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் உனக்கு, தரவரிசையில் ஏறி, ஜனவரியில் மெல்போர்ன் தகுதிச்சுற்றில் நீ ஆடலாம். நான் ஓதி ஓதி அந்த அறையில் எல்லாருக்கும் இது மனப்பாடம். அப்போது பார்த்து எண் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அசையவில்லை. பெரியப்பா எட்டிப் பார்த்து, “ஆட்டம் முடிஞ்சா இப்டித்தான் நிக்கும், வில்மீன். பொண்ணு ஜெயிச்சிட்டா, போ!” என்றார். நம் வீட்டில் அவர் பேச்சை நம்பி எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் முதலில் எழுந்து நின்றவள் நான்தான். “எங்க பொண்ணு ஜெயிச்சதுக்கு உங்களுக்கு வாழ்த்து!” என்று அப்பாவை முத்தமிட்டேன். அவ்வளவுதான், பதினான்கு பேரும் கிளம்பிவிட்டார்கள், மறுபடி முழு வட்டம், ஆளுக்கு மூன்று. அந்தக் கூத்து முடியவே நேரமாயிற்று. அத்தை ட்ரைன் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்றாவது முத்தம் கொடுக்கக் குனிந்தபோது அப்பா மெதுவாக, “40-30ன்னு காட்டுதே” என்றார். அத்தையின் உதடு பாதி வழியில் நின்றது. பிறகு 5-3, 5-4, அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கொடுத்த வாழ்த்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

அந்தப் பதினொரு நிமிடம் (கடிகாரம் பார்த்தேன்) அங்கே என்னடி நடந்தது? அன்றிலிருந்து இதே ஆராய்ச்சிதான். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார்கள் என்கிறார் அப்பா. “எதிராளி கழிவறைக்குப் போயிருப்பா, தோக்குறவங்க எல்லாம் அதைத்தான் பண்றாங்க” என்கிறாள் அத்தை. பெரியப்பா மின்சாரக் கோளாறு என்கிறார், அதனால் அது நிச்சயம் இல்லை. வலித்ததா? பயந்தாயா? நாற்காலியில் உட்கார்ந்து துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு என்ன நினைத்தாய்?

இத்தனை கேட்கக் காரணம், மறுநாள் நீ அனுப்பிய ஒற்றை வரி. “இது போதும்மா, கெர்பன்கிட்ட சரின்னு சொல்லிடு.” நம் ஊர் டென்னிஸ் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வேலை, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் தலைவர் கெர்பன் வேறு ஆளைப் போட்டுவிடுவார், எல்லாம் எனக்குத் தெரியும். நீ சொன்னபடி சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். சங்கத்து மதுக்கூடத்தில் உறுப்பினர்கள் மாறி மாறிப் பரிமாறுவோமே, அன்று என் முறை. கெர்பன் பியரை வாங்கிக்கொண்டு, “என்ன வில்மீன், மகாராணி ஏதாச்சும் வாயத் தொறந்தாங்களா?” என்று கேட்டார். “பெண்கள் கழிவறைல காகிதம் தீந்துபோச்சு, அதப் பாருங்க மொதல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காகிதம் தீரவில்லை. வியாழக்கிழமை மறுபடி போய், வேலிச் செடியை வெட்டவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

உன்னைத் தடுக்கிறேன் என்று நினைக்காதே. நீ வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இந்த ஊரில் இல்லை, உன் அறையில் இருந்த இஸ்திரிப் பலகையைக்கூட நேற்றே வெளியே எடுத்துவிட்டேன். அதனால்தான் என் வாயை நான் நம்பவில்லை. இருபத்தாறு வயதில் நீ எடுக்கிற முடிவு உன் குரலில் இருக்க வேண்டும், பியர் குவளை கழுவிக்கொண்டே நான் சொல்கிற “சரி”யில் இருக்கக் கூடாது. நீயே கெர்பனைக் கூப்பிட்டுச் சொல், வருகிறேன் என்றாலும் சரி, வரவில்லை என்றாலும் சரி. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், கடைசி இரண்டு இலக்கத்தைத் தவிர. அது வேண்டுமென்றால் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும். இணையத்தில் தேடினால் அரை நிமிடத்தில் கிடைக்கும் என்று தெரியும், ஆனாலும் தேடாதே.

மணிக்கட்டுக்கு அந்தக் களிம்பைத் தடவ மறக்காதே. எங்கே ஆடினாலும், ஆடாவிட்டாலும் நன்றாக இரு, கண்ணே. அப்பாவின் முத்தமும் என் முத்தமும்.

உன் அம்மா,
வில்மீன்

கெர்பன்: 06 44 17 93 _ _